விபத்து ஆகாத வண்டி

விளம்பரத்துக்கு நாலு வரிதான் எழுத வேண்டும். நான் சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவன். தினசரி காலண்டரில் ராகு காலத்திலிருந்து பொன்மொழி வரை பிழை பார்த்தே கண் பூத்துப்போனவன். நாலு வரியெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாலு வரியோடு மல்லுக்கட்டினேன்.

'கான்டெஸா கார் விற்பனைக்கு. கருநீலம். ஒரே ஓனர், குடும்பத்துக்கு மட்டுமே ஓடியது. ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம். விபத்து ஆகாத வண்டி.'

கடைசி வரியை அழித்தேன். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தேன். யாராவது கேட்டார்களா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானாகப் போய்ச் சொல்வது போல இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, வண்டி நிற்கிற கொட்டகையை இடித்துவிட்டு அங்கே வீடு கட்ட வேண்டும் என்று தினம் ஒரு தடவை நச்சரிக்கிறவள் அவள்தான்.

"அதத்தான்லே மொதல்ல போடணும். அடிபடாத வண்டின்னாத்தான் நாலு பேரு பாக்க வருவாக. நெசந்தானே? ஒரு கீறல் உண்டா அதுல?" என்றாள்.

நிஜம்தான். ஒரு கீறல் கிடையாது. எழுத்துப்படி பார்த்தால் அந்த வரியில் பொய்யே இல்லை. வெளியிட்டேன். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். பழைய கார்களைச் சேர்ப்பவராம். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று எத்தனையோ வருஷக் காலண்டரில் நானே அச்சடித்திருக்கிறேன்.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நல்ல தீபாவளி சீசன் முடிந்த கையோடு. எங்களுக்கு அப்போது ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி இருந்தது. தெருவில் வசதியான வீடுகளில் எல்லாம் அம்பாசிடர்தான் நின்றது. அப்பாவுக்கு அதைவிடப் பெரியதாக வேண்டும். வந்து நின்றபோது முன்பக்கம் ஒரு கல்யாணப் பந்தி விரிக்கலாம் போல இருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் வண்டி போகும். அப்பா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். என்னை மட்டும் ஸ்டியரிங் பக்கம் விட மாட்டார். நான் காலேஜ் முடித்து, லைசென்ஸும் எடுத்து, வீட்டில் சும்மா திரிந்த காலம் அது.

"ஏலே, வண்டியத் தொட்ட, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்பார். செய்யக்கூடிய ஆள்தான். அவர் கை எவ்வளவு கனம் என்று என் கன்னத்துக்குத் தெரியும்.

வண்டியை ஓட்ட ஒரு டிரைவர் இருந்தார். எம். புதுப்பட்டி என்ற ஊர்க்காரர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சின்ன மொதலாளி என்பார். நாற்பது வயசு இருக்கும் அப்போது. அதிகம் பேச மாட்டார். வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை சுற்றி வந்து நாலு சக்கரத்தையும் காலால் தட்டிப் பார்ப்பார். அவருடைய மச்சினன், அதாவது அவர் மனைவியின் ஒரே தம்பி, எங்கள் கம்பெனியில்தான் வெடிக் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தான். வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான். அந்த அக்கா இருவருக்கும் சேர்த்து ஒரே தூக்குச் சட்டியில் சோறு கொடுத்துவிடுவார். மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்து ரெண்டு பேரும் ஒரு சட்டியிலிருந்து பிரித்துச் சாப்பிடுவார்கள். மச்சினனுக்குக் கருவாட்டுத் துண்டு எப்போதும் ஒன்று கூடுதலாகப் போகும்.

பட்டாசுக் கம்பெனியில் கேட்டுக்கு உள்ளே வண்டி போகக் கூடாது. வெளியே வேப்பமரத்தடியில், முகத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்த வேண்டும். சாவியை யாரும் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. வாட்ச்மேன் அறைச் சுவரில், வாசலிலிருந்தே கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ஆணி. வண்டி யாருடையதாக இருந்தாலும், வந்தவர் கலெக்டராகவே இருந்தாலும், சாவி அந்த ஆணிக்குப் போய்விடும். ஏதாவது ஒன்று ஆனால், டிரைவர் எங்கே, முதலாளி எங்கே என்று யாரும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவன் எடுத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா போட்ட சட்டம் இது. எங்கள் அப்பாவிடம் நான் குறை சொல்ல ஆயிரம் உண்டு, ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு குறையும் கிடையாது.

டிரைவர் அண்ணன் வண்டியை விட்டு இறங்குவார், நாலு எட்டு நடப்பார், கை தானாகப் போய் ஆணியில் சாவியை மாட்டும். பேசிக்கொண்டே மாட்டுவார். பார்க்கவே மாட்டார். தினமும் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

ஒரு பங்குனி மாதம். என் காலேஜ் சிநேகிதர்கள் சாத்தூருக்கு ஒரு விசேஷத்துக்கு வந்திருந்தார்கள். சொந்தக் காரில் வந்து இறங்குகிறேன் என்று நான் அவர்களிடம் அளந்துவிட்டிருந்தேன். சாத்தூர் அங்கிருந்து பக்கம்தான். அப்பா சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் அறையில் ஒரு கண் அசருவார். டிரைவர் அண்ணனும் புளியமரத்தடியில் துண்டை விரித்துவிடுவார். அந்த ஒரு மணி நேரம் போதும் என்பது என் கணக்கு. ஆணிப் பக்கம் ஆள் இல்லாத நேரம் பார்க்க வேண்டுமே? வாட்ச்மேன் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு போனார். நான் போய்ச் சாவியை எடுத்து பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அப்பா கண் மூடவில்லை. மூடட்டும் என்று கேட்டுப் பக்கம் நின்றேன்.

அதற்குள் வெடித்துவிட்டது.

ஒரே ஒரு ஷெட். மற்றவர்கள் எல்லாம் இன்னும் சாப்பாட்டில் இருந்தார்கள். டிரைவர் அண்ணனின் மச்சினன் மட்டும், மீதி வேலையை முடித்துவிடலாம் என்று சட்டியைக் கழுவி வைத்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போயிருக்கிறான். சத்தம் வந்ததும் எல்லோரும் ஓடினோம். அடுத்த ஷெட்டும் பிடித்துவிடும் என்ற பயம். நான் கேட்டைத் தாண்டி, கரிசக்காட்டில் காய்ந்த பருத்திமார்க் குச்சி காலைக் கிழிக்க ஓடி, ஒரு வரப்புக்குப் பின்னால் விழுந்தேன். அதுவரை நான் செய்ததை யாரும் தப்பென்று சொல்ல முடியாது. பட்டாசுக் கம்பெனியில் ஓடுகிறவன்தான் புத்திசாலி.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை.

வரப்பிலிருந்து பார்த்தால் வேப்பமரமும் வண்டியும் நன்றாகத் தெரியும். நாலு பேர் சாக்கில் வைத்து அவனைத் தூக்கி வந்தார்கள். வண்டிக் கதவைப் பூட்டும் வழக்கம் இல்லை, திறந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். டிரைவர் அண்ணன் ஆணிக்கு ஓடினார். ஆணியைத் தடவினார். கீழே குனிந்து தரையைத் தடவினார். தன் சட்டைப் பையை, வேட்டி மடிப்பை, எல்லாம் தடவினார். திரும்ப வண்டிக்கு ஓடி வந்து முன் சீட்டைத் தடவினார். "சாவி, சாவி" என்று அவர் கத்துவது காட்டில் எனக்குக் கேட்டது. அப்பா வெளியே வந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார். லோடு வேன் சிவகாசிக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்ததெல்லாம் சைக்கிள்கள்.

சாவி என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து நூறு எட்டு ஓடியிருந்தால் போதும். நான் எழவில்லை. நெருப்புக்குப் பயந்து என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். நெருப்பு அப்போது அடங்கிவிட்டது. அப்பாவின் கைக்குத்தான் பயந்தேன். இத்தனை பேர் முன்னால் சாவியை நீட்டினால் கன்னத்தில் விழப்போகிற ஒரு அறைக்குப் பயந்து, இருபத்திரண்டு வயசுத் தடிமாடு, வரப்புக்குப் பின்னால் மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தேன். யாராவது எப்படியாவது வண்டியைக் கிளப்பிவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாராலும் கிளப்ப முடியவில்லை. ரொம்ப நேரம் கழித்து ரோட்டில் போன ஒரு டிராக்டரை மறித்தார்கள். பின் சீட்டிலிருந்து அவனைத் திரும்ப இறக்கி, டிராக்டரில் ஏற்றினார்கள். இறக்கும்போது அவன் கத்தினான். அதுதான் கடைசியாக அவன் குரலைக் கேட்டது.

மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரியில் போய்விட்டான். கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னதாக ஊருக்குள் பேச்சு வந்தது.

சம்பவத்தன்று எல்லோரும் டிராக்டர் பின்னால் போன பிறகு நான் வந்தேன். வண்டி கதவு திறந்தபடி நின்றது. சாவியை டிரைவர் சீட்டில், முதுகுச் சாய்மானத்துக்கும் உட்காருகிற மெத்தைக்கும் நடுவிலுள்ள இடுக்கில், விரலை விட்டு ஆழமாகத் தள்ளினேன். அந்த நேரத்தில் யோசித்துச் செய்தேனா என்று கேட்டால் ஆமாம், யோசித்துத்தான் செய்தேன். திரும்ப ஆணியில் மாட்ட முடியாது, எல்லோரும் ஆணியைப் பார்த்தாயிற்று. காட்டில் எறிந்தால் திருட்டு என்று விசாரணை வரும். இப்படிச் செய்தால் மறதி என்று போய்விடும். யாருடைய மறதி என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

மாற்றுச் சாவி போட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கருமாதி முடிந்த பிறகு டிரைவர் அண்ணன் வண்டியைக் கழுவ வந்தார். சீட் உறைகளைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தியபடி முன்னறைக்கு வந்தார். உள்ளங்கையில் சாவி.

"மொதலாளி, சீட்டு இடுக்குல கெடந்துச்சுங்க. நா மாட்டவே இல்ல போலருக்கு. நாந்தான் கொன்னுட்டேன்."

அப்பா பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அன்றைக்கு ரெண்டும் ஒரே அறையில் நின்றன. அப்பா நீண்ட நேரம் சாவியைப் பார்த்தார். "மனுசன்னா மறதி இருக்கத்தான் செய்யும். போனது போச்சு. வேலையப் பாரு" என்றார். அவரை அனுப்பவில்லை. ஆனால் டிரைவர் அண்ணன் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் எந்த வண்டியிலும் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. ஆடு வாங்கி மேய்க்க ஆரம்பித்தார்.

நான் என்ன செய்தேன்? நல்லவனாக இருக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குத் துணிமணி, பலகாரம், பட்டாசுப் பெட்டி. பட்டாசுப் பெட்டி! அந்த வீட்டுக்கு! அனுப்பிவிட்டுத்தான் எனக்கே உறைத்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு என் அச்சகத்தில் பத்திரிகை அடித்துக் கொடுத்தேன். புரூஃப் என் மேஜைக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த இடம் வெறுமனே இருந்தது. எழுத்துக் கோக்கிற பெண், "விட்டுப்போச்சு போலருக்குங்க, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். விட்டுப்போகவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அப்பா போகும் முன்னால் சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் கட்டில் பக்கம் உட்கார்ந்தேன். வாய் வரை வந்தது. அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

இருபத்தெட்டு வருஷம் போய்விட்டது. கம்பெனியை விற்றுவிட்டோம். வண்டி மட்டும் கொட்டகையில் தூசு குடித்துக்கொண்டு நின்றது. கோயம்புத்தூர்க்காரர் வருகிற வாரம் பார்த்து அது கிளம்ப மாட்டேன் என்றது. புது பாட்டரி போட்டோம், ரெண்டு மெக்கானிக் வந்து பார்த்தார்கள். உறுமும், அடங்கிவிடும். "இதுக்குன்னு ஒரு கை இருக்குங்க, பழகுன ஆளு யாராச்சும் இருந்தா கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு ரெண்டாவது ஆளும் போய்விட்டார்.

பழகிய ஆள் ஒருவர்தான். போன் போட்டேன். வர மாட்டார் என்று நினைத்தேன், வர வேண்டாம் என்றுகூட நினைத்தேன். சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார். நெஞ்செல்லாம் நரைத்து, கண்ணில் புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்.

"நல்லாருக்கீகளா சின்ன மொதலாளி? பெரியவுக தவறுனதுக்கு வந்தேன். கூட்டத்துல நீங்க பாத்திருக்க மாட்டீக."

பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தூணுக்கு அந்தப் பக்கம் போனேன்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு சக்கரத்தையும் காலால் தட்டினார். பானெட்டைத் திறந்து, எதையோ ஊதி, எதையோ துடைத்து, பெட்ரோல் குழாயைக் கழற்றி மாட்டினார். ஸ்டியரிங்கில் உட்காருங்கள் என்றேன். "நா தொட மாட்டேங்க. நீங்க உக்காருங்க, நாஞ் சொல்லுதேன்" என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். சோக்கைப் பாதி இழுக்கச் சொன்னார், ஆக்ஸிலேட்டரை ரெண்டு மிதி மிதித்து விடச் சொன்னார், சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி கிளம்பிவிட்டது. கொட்டகை முழுக்கப் புகை. ரெண்டு பேரும் இருமினோம்.

அப்போதுதான் அவர் கையை நீட்டி, நான் உட்கார்ந்திருந்த சீட்டின் இடுக்கில், என் முதுகுக்குப் பின்னால், விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்கனதாங்க கெடந்துச்சு. எனக்கு ஒன்னு மட்டும் வெளங்கவே மாட்டேங்கு. கண்ண மூடிப் பாத்தா, அன்னைக்கு ஆணியில மாட்டுன மாரிதான் கை சொல்லுது. இந்தக் கை சொல்லுது. ஆனா சாவி இங்கன கெடந்துச்சே? அப்ப இந்தக் கை பொய் சொல்லுது. எம்புட்டு வருசமா எங்கையே எங்கிட்டப் பொய் சொல்லுது பாத்தீகளா?"

நான் எஞ்சினை அணைத்தேன்.

"வித்துருங்க. நல்லதுதான். இது ஓடுன காலத்துல, ரோட்டுல போறதப் பாத்தாலே எங்க வீட்டுல மொகத்தத் திருப்பிக்கிருவா. திட்டுனதில்லீங்க. ஒரு நாளும் திட்டுனதில்ல. சோத்த வச்சிட்டுப் போயிருவா. சாப்புட்டீகளான்னு ஒரு வார்த்த மட்டும் கேக்க மாட்டா. அன்னைக்கு ஒரே சட்டியில ரெண்டு பேருக்கும் குடுத்துவிட்டாள்ல, அதோட சரி."

அடுத்த நாள் வண்டி போய்விடும். போய்விட்டால் இந்த மனிதரைக் கூப்பிட எனக்கு இன்னொரு காரணம் கிடைக்காது, நான் கூப்பிடவும் மாட்டேன். என்னை எனக்குத் தெரியாதா? அவர் சாகிற வரை அந்தக் கையைக் குற்றவாளியாகவே வைத்திருப்பார். நானும் தீபாவளிக்குத் துணி அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

"நீங்க மாட்டுனீங்கண்ணே" என்றேன். "நான்தான் எடுத்தேன்."

முழுவதும் சொன்னேன். சாத்தூர், சிநேகிதர்கள், வரப்பு, சீட்டு இடுக்கு. முகத்தைப் பார்க்காமல், எதிரே இருந்த மீட்டரைப் பார்த்துச் சொன்னேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நா மாட்டிருக்கேன்."

"ஆமாண்ணே."

"ஆணியில மாட்டிருக்கேன்."

"மாட்டியிருந்தீங்க. நான் எடுத்தேன்."

"மாட்டிருக்கேன்" என்று இன்னொரு தடவை சொன்னார். கோபம் என்று ஒன்று அந்த முகத்தில் வரவே இல்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மன்னிச்சிருங்கண்ணே என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எறங்குங்க. அங்கிட்டு உக்காருங்க. எங்கிட்டச் சொன்னது போதாது. வீட்டுல வந்து சொல்லுங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டா, தப்பிக்கச் சொல்லுதேம்பா. நீங்க வாயால சொல்லணும்."

இடம் மாறி உட்கார்ந்தோம். இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் அவர் வண்டி எடுத்தார். அறுபத்தெட்டு வயசு, கண்ணில் ஆபரேஷன். நான் பயப்படவில்லை, அடித்துத் தூக்கினாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் அவர் கியர் மாற்றுவதில் ஒரு குலுக்கல் இல்லை. வழியில் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி கம்பெனி வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. சனிக்கிழமை, சம்பள நாள்.

எம். புதுப்பட்டியில் அவர் வீட்டு முன்னால் தெருவையே அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. நிறுத்தும் முன் முன்னே போய்ப் பின்னே வந்து, முகத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இறங்கி நாலு எட்டு நடந்தார். வாசல் நிலைக்குப் பக்கத்தில், சுவரில், காலண்டர் மாட்டுகிற ஆணி ஒன்று இருந்தது. நான் அச்சடித்த காலண்டர்தான். அவர் உள்ளே பார்த்துக்கொண்டே நடந்தார், கை தானாகப் போய் அந்த ஆணியில் சாவியை மாட்டியது. மாட்டிவிட்டு ஓரெட்டு எடுத்து வைத்தவர் நின்றார். திரும்பி ஆணியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

அவர் மனைவி, அந்த அக்கா, தரையில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். வெளியே நிற்கிற வண்டியைப் பார்த்ததும் சுருட்டுவதை நிறுத்தினார். "வாங்க" என்றார் என்னிடம். பகையாளி வந்தாலும் சொல்கிற வாங்கதான். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே, ரெண்டாவது தடவையாக, எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வரப்புல படுத்திருந்தீகளே, எந்தம்பி கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா."

தலையை ஆட்டினார். மடியில் இருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். எழுந்தார். என்னைத் தாண்டிப் போய்த் தன் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். அவர் வாசல் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"காலையில கருக்கல்ல போனீக" என்றார். "சாப்புட்டீகளா?"

அவர் அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா உள்ளே போனார். சட்டிக்குள் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, இந்தத் தடவை போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் ஒருவன் அங்கே நிற்பதை ரெண்டு பேரும் மறந்துவிட்டார்கள். போயிட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே வந்தேன். வண்டியைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். போன் அடித்தது, கோயம்புத்தூர்க்காரர். நாளைக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார். வண்டி ஒருத்தர் வீட்டில் நிற்கிறது, அவர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

வண்டியை எடுக்க வேண்டுமென்றால் திரும்ப அந்த வாசலுக்குப் போய், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆணியிலிருந்து சாவியை எடுக்க வேண்டும். வாசல் வரை போனேன். கை நீளவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.